உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் வாங்காத தீயணைப்பு வீரர்கள்

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1851-இல் வால்பரைசோ துறைமுக நகரில் தொடங்கிய தன்னார்வ மரபு அது. கைக்காசில் சந்தா வேறு கட்டுகிறார்கள்! நம் கதை வேறு. சென்னையில் 1908-இல் உருவான தீயணைப்புப் படை அரசுத் துறையாகவே வளர்ந்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்ததோ 2008 செப்டம்பரில்தான். ஆனாலும் பொங்கலூர் போன்ற ஊர்களில் வண்டி வந்து சேரும்வரை ஓடிவருவது அக்கம்பக்கத்தார்தான்.

அப்படி ஓடிவருபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பஞ்சுத் தீ பொல்லாதது. மேலே அணைந்துபோன பஞ்சுப் பொதி, உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பிரித்துப்போட்டு நனைத்தால்தான் அடங்கும். அதை வீரர்களிடம் விட்டுவிடுங்கள். ஆட்களை வெளியேற்றி, உடனே 101-ஐக் கூப்பிடுங்கள். காயம்பட்டவர் இருந்தால் 108-ஐயும்.