கிணறும் தெருவும் யாருடையவை?

காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றை ஒட்டிய செவிலிமேட்டில் சாலைக் கிணறு இருக்கிறது. தாகம் என்று கேட்ட வேடுவத் தம்பதிக்கு இராமானுஜர் நீர் வார்த்தது இங்கேதான், பிறகு இந்த நீரையே வரதராஜப் பெருமாளுக்குச் சுமந்தார் என்கிறது வைணவ மரபு. இந்தக் கதையைப் போற்றும் தமிழ்நாட்டில்தான் பல ஊர்ப் பொதுக் கிணறுகளில் தலித் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடம் இறக்க முடியவில்லை.

அந்தத் தடைக்கு எதிரான சட்டப் போரில் இந்த வட்டாரத்துக்குப் பங்குண்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. தடையை மீறி மகாராஷ்டிரத்தின் மகாடு ஊர்ப் பொதுக் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளியது அதற்குப் பிறகு, 1927இல்தான்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை.  15(2) பிரிவோ பக்கத்து வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. இதன் பெருமையே அதுதான். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறோ, ஊர்ப் பொதுவுக்கென்று விடப்பட்ட குளமோ எதுவானாலும், சாதியைச் சொல்லி யாரும் யாரையும் தடுக்க முடியாது. கடையும் உணவகமும் தனியாருடையவை என்றாலும் இதே விதிதான். வீட்டுக்குள் இருக்கும் சொந்தக் கிணறு இதில் வராது.

எழுதிவைத்தது மட்டும் போதவில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவர் தலித் மக்களின் வழியை அடைத்தே நின்றது. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடிய பிறகு, 2008 மே 6 அன்றுதான் நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்தது.

இன்று கையில் இருக்கும் வலுவான கருவி 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் செய்த திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் குழாயடியிலோ சுடுகாட்டிலோ பொதுவழியிலோ தடுப்பவருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. புகாரோடு வருபவரை “ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கோங்க” என்று திருப்பி அனுப்பும் வழக்கத்தையும் இச்சட்டம் மறக்கவில்லை. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர், புகாரைப் பதிவுசெய்யும் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தால் 4ஆவது பிரிவின்படி அவருக்கும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.