ஊர் வீட்டுக்கு சோலார் வாங்குறீங்களா? பேனல் பின்னாடி இருக்குற ஸ்டிக்கரை முதல்ல படிங்க!



உங்களுக்கு சென்னையில வேலை. அப்பா, அம்மா பெரம்பலூர்லயோ அரியலூர்லயோ இருக்காங்க. கரன்ட் போனாலும் ஃபேன் ஓடணும்னு போனஸ் காசுல ஒரு சோலார் பேனல் வாங்கித் தர நினைக்கிறீங்க. கடையில ஒரு கேள்வி வரும்: "சார், கன்ட்ரோலர் பிடபிள்யூஎம் போதுமா, எம்பிபிடி வேணுமா? எம்பிபிடி விலை கொஞ்சம் கூட." இதுக்குத் தப்பா பதில் சொன்னா, பேனலுக்குக் கொடுத்த காசுல பாதிக்கு மேல வீண்.

கணக்கு இதுதான்

330 வாட் பேனல்னா, ஸ்டிக்கர்ல அதிகபட்ச பவருக்கான வோல்ட்டேஜ் சுமார் 37 வோல்ட், கரன்ட் சுமார் 9 ஆம்பியர்னு இருக்கும். வீட்டுல இருக்குறது 12 வோல்ட் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது 13 வோல்ட் பக்கம் நிற்கும். பிடபிள்யூஎம் வெறும் ஸ்விட்ச் மாதிரி, பேனலை நேரா பேட்டரியோட சேர்த்துடும். பேனலும் 13 வோல்ட்டுக்கு இறங்கிடும். 13 × 9 = 117 வாட். மீதியை நீங்க காசு கொடுத்தும் வாங்கல!

எம்பிபிடி என்ன செய்யுது? பேனல் வோல்ட்டேஜைக் கொஞ்சம் மாத்திப் பார்க்கும். பவர் கூடினா அதே பக்கம் போகும், குறைஞ்சா திரும்பிடும். மேகம் வந்து போனாலும் உச்சியைத் திரும்பத் தேடிப் பிடிக்கும். நல்ல கன்ட்ரோலர் உச்சி தூரமா இருந்தா பெரிய அடி, கிட்ட வந்தா சின்ன அடி வைக்கும்.

எப்போ தேவையில்லை?

100 வாட், 18 வோல்ட் சின்ன பேனல்னா கதை வேற. ஸ்டிக்கர்ல இருக்குற வாட் 25 டிகிரில அளந்தது. பெரம்பலூர் சித்திரை வெயில்ல பேனல் 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் பவர் குறையும். அந்தச் சூட்டுல எம்பிபிடி கூடுதலா தர்றது 10 வாட் அளவுதான். தினம் 5 மணி நேரம்னா மாசம் ஒன்றரை யூனிட். அதுக்கு சில ஆயிரம் கூடக் கொடுக்கணுமா?

எம்பிபிடியால முடியாதது

தென்னை மர நிழல் பேனல்ல பாதி விழுந்தா பவருக்கு ரெண்டு உச்சி வரும். சாதாரண எம்பிபிடி சின்ன உச்சியிலயே நின்னுடலாம். அரியலூர்ல சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலைப் பக்கம் வீடுன்னா தூசி படியும். அதுக்கு மருந்து காலையில ஒரு பக்கெட் தண்ணி.

மானியத்துல போடுறீங்களா?

2024-ல வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. இது மின்வாரிய லைனோட சேர்ற ஆன்-கிரிட் சிஸ்டம். அந்த இன்வெர்ட்டர்ல எம்பிபிடி உள்ளேயே இருக்கும். தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க. ஆனா பேட்டரி இல்லாத ஆன்-கிரிட், கரன்ட் போனா தானும் நின்னுடும். ஃபேன்தான் முக்கியம்னா இதை யோசிச்சு முடிவெடுங்க.

சுருக்கமா: பேனல் வோல்ட்டேஜ் பேட்டரியை விட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா எம்பிபிடி வாங்குங்க. கிட்டத்தட்ட பொருந்தினா பிடபிள்யூஎம் போதும். மிச்சக் காசை அடுத்த பேட்டரிக்கு ஆர்டில போடுங்க!