அன்று ஓடி வந்தவர் மலைவாசி. நேற்று ஓடி வந்தவர் இன்னும் அகதி!

ஏற்காடு,

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிற டூரிஸ்டுகள், மலை கிராமத்து ஜனங்களைப் பார்த்து "இவங்க கேரளாக்காரங்களா?" என்று கேட்பது வழக்கம். காரணம், அவர்களுக்குப் பெயர் 'மலையாளி'!

கேரளாவுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேசுவது தமிழ். மலையில் இருப்பவர்கள் என்பதால் மலையாளி. பூர்வீகம் எது தெரியுமா? காஞ்சீபுரம்!

அண்ணன்–தம்பி 3 பேர்

இது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. அண்ணன்–தம்பி 3 பேர் குடும்பத்தோடு காஞ்சியை விட்டுக் கிளம்பினார்களாம். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார். மற்ற இருவரும் வேறு மலைகளுக்குப் போனார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909–ல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை இருக்கிறது.

எதற்காகக் கிளம்பினார்கள்? காஞ்சியில் ஆட்சி மாறியது என்கிறது ஒரு கதை. சாமிக்கே அங்கே இருப்புக் கொள்ளவில்லை என்கிறது இன்னொரு கதை. எப்படிச் சொன்னாலும், ஊரில் நிம்மதி போய்விட்டது!

மலையில் அன்றைக்கு அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. காட்டைத் திருத்தினார்கள். விதைத்தார்கள். இன்று இந்த மாவட்டத்தில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஏற்காடு சட்டசபைத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதான். ஓட்டுப் போடுகிறார்கள், எம்.எல்.ஏ.வும் ஆகிறார்கள்.

மலைக்குக் கீழே...

மலையை விட்டு இறங்கினால், இதே சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் பக்கம் பவளத்தானூர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அவர்களும் ஊரில் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தான்.

1983 ஜூலையில் இலங்கையில் இனக்கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன. கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு படகு ஏறினார்கள். 2012 வரை தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். 2021 கணக்குப்படி 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள்.

அந்த ஆண்டு தமிழக அரசு ரூ.317 கோடிக்குத் திட்டம் அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. புது வீடுகளும் வந்தன. பெயர் மாறிச்சு, கூரை மாறிச்சு. குடியுரிமை மட்டும் வரல்லே!

சட்டம் என்ன சொல்கிறது?

1–7–1987க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் அண்ணன் 1986–ல் பிறந்து, தம்பி 1988–ல் பிறந்திருந்தால்? அண்ணன் இந்தியர், தம்பி அகதி!

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகள்தான் உண்டு. இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9–ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையில் இருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இனி ஜெயில் பயம் இல்லை. ஆனால், ஓட்டும் இல்லை.

மலைக்கு வந்த மூத்த அண்ணனை யாரும் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அதனால் அது அவர் மலை ஆனது. பவளத்தானூரில் பிறந்த பிள்ளைக்கு ஊர் எது? பதில் சொல்ல வேண்டியது டெல்லி!