மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

நமது சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிள்களாவது வைத்திருக்கிறோம். வசூலுக்கு ஒன்று, கடை கடையாக ஆர்டர் எடுக்க ஒன்று, வீட்டில் பையன் கல்லூரிக்குப் போக ஒன்று. புது வண்டிக்கு ஷோரூமில் பணம் கட்டும் நேரத்தில் விற்பனையாளர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "எக்ஸ்டென்டட் வாரண்டியும் சேர்த்துப் போட்டுடலாமா சார்?"

லட்ச ரூபாய் கொடுக்கும் இடத்தில் மேலும் ஆயிரத்துச் சொச்சம் பெரிதாகத் தெரிவதில்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிப்பானா என்று நாமும் தலையாட்டி விடுகிறோம். மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிற நாம், இந்த இடத்தில் மட்டும் கணக்குப் போடுவதில்லை. அப்படிக் கணக்குப் போடாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு

வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு மட்டும் கம்பெனி தரும் உறுதி. பாகத்தின் உலோகத்திலோ, பொருத்திய விதத்திலோ குறை இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். ஓட ஓடத் தேயும் பொருள்களான பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின், கேபிள், பல்பு போன்றவை பொதுவாக இதில் சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டி உண்டு. விபத்து, துரு, தண்ணீர் புகுந்த சேதம், கலப்படப் பெட்ரோல் ஆகியவையும் சேராது. கூடுதல் வாரண்டி என்பது இதே உறுதியை மேலும் சில ஆண்டுகளுக்கு விலை கொடுத்து நீட்டிப்பதுதான். பல திட்டங்களில், முதல் வாரண்டியில் இருந்த சில பாகங்கள் நீட்டிப்பில் இருக்காது.

விபத்து, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கு இன்சூரன்ஸ்தான் கைகொடுக்கும். இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்து வருடம் கட்டியாயிற்று, இனிக் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. நம் சொந்த வண்டியின் சேதத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அதைக் காலம் முடிய முடியப் புதுப்பிக்கவும் வேண்டும்.

முன்பு ஏன் இந்தக் கேள்வி இல்லை

1955-ல் எண்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, நம் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் தயாரான காலத்திலிருந்து வடசென்னையில் நல்ல மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டுவார்கள், பாயிண்டைத் தேய்த்துச் சரி செய்வார்கள், வண்டி ஓடிவிடும். கம்பெனி வாரண்டி முடிந்த தேதிகூட நமக்கு நினைவில் இருக்காது.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர், பல சென்சார்கள், அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி (இ.சி.யு.) ஆகியவை வந்துவிட்டன. 2019-லிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம். இந்தப் பாகங்கள் கெட்டால் தேய்த்துச் சரி செய்ய வழி கிடையாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். விலையும் அதிகம். எனவே கூடுதல் வாரண்டி என்பது முழுவதும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நம் பகுதியில் வண்டி எதனால் கெடுகிறது?

அந்த நியாயம் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் கடல் காற்றில் உள்ள உப்பு, சைலன்சரிலிருந்து ஒயர் முனைகள் வரை அரித்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டினால் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும், பள்ளங்கள் முன் ஃபோர்க்கையும் பேரிங்கையும் பதம் பார்க்கும். மழைக்காலத்தில் தெருவில் நிற்கும் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். துரு, தூசி, பள்ளம், தண்ணீர் ஆகிய இந்த நான்கும்தான் நம் வண்டிகளைக் கெடுக்கின்றன. இவற்றால் வரும் சேதத்தைத்தான் வாரண்டித் தாள் விலக்கி வைக்கிறது.

என் அனுபவம் இதுதான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் கடை வசூல் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் கடைப் பையன் ஆர்வக்கோளாறில் செல்ஃப் போட்டுப் பார்த்துவிட்டான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே போனால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுதான் நடந்தது. கூடுதல் வாரண்டி போட்டிருக்கிறோமே என்று தைரியமாகச் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். தண்ணீரால் வந்த சேதம் சேராது என்று தாளைக் காட்டினார்கள். இன்சூரன்ஸிலும், நனைந்த மற்ற பாகங்களுக்குக் கொடுத்தார்கள், என்ஜினுக்கு இல்லை என்றார்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை நான் எடுத்திருக்கவில்லை. கைக்காசு போட்டுத்தான் என்ஜினைச் சரி செய்தேன். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு தாளிலும் எழுதித்தான் இருந்தது. சரக்குப் பில்லை வரி வரியாகப் பார்க்கிற நான், அவற்றைப் படிக்கவில்லை.

கிலோமீட்டர் கணக்கு

எந்த வாரண்டியிலும் இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை என்று இருக்கும். நாம் ஆண்டை மட்டும் பார்க்கிறோம். உதாரணத்துக்கு, கம்பெனி வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 கி.மீ., கூடுதல் வாரண்டி மேலும் 2 ஆண்டு அல்லது 24,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

வசூல் வண்டி நாளைக்கு 60 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 18,000 கி.மீ. ஆகிறது. கம்பெனி வாரண்டி இரண்டே ஆண்டில் முடிந்துவிடும். கூடுதல் வாரண்டி 16 மாதத்தில் தீர்ந்துவிடும். ஐந்து ஆண்டு என்று நினைத்து வாங்கியது மூன்று ஆண்டு நான்கு மாதம்தான் வரும். அதுவே நாளைக்கு 15 கி.மீ. ஓடும் வீட்டு வண்டிக்கு முழு ஐந்து ஆண்டும் கிடைக்கும்.

மறைந்திருக்கும் விலை

எல்லா சர்வீஸையும் குறித்த தவணையில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே செய்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஒன்று தவறினாலும் மறுக்க இடம் உண்டு. 3,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால், நீட்டித்த 24,000 கி.மீ.க்கு 8 சர்வீஸ். தெருமுனை மெக்கானிக்கைவிட அங்கே ஒரு தடவைக்கு 400 ரூபாய் கூடுதல் என்று வைத்தால் 3,200 ரூபாய். வாரண்டிக்குக் கொடுத்தது 1,500 ரூபாய் என்றால் உண்மையான அடக்க விலை 4,700 ரூபாய். வண்டி இல்லாமல் பையன் கடையில் உட்கார்ந்திருக்கும் நாள்கள் தனி. எப்படியும் கம்பெனி சர்வீஸுக்கே விடுவேன் என்பவருக்கு இந்தச் சுமை இல்லை. அவருக்கு அடக்கம் 1,500 மட்டுமே.

யாருக்கு எது பொருந்தும்?

ஒரே வண்டி வைத்து அதை நம்பியே தொழில் செய்பவர், விலை உயர்ந்த வண்டி வாங்குபவர், கம்பெனி சர்வீஸைத் தவறாமல் செய்பவர் ஆகியோர் வாங்கலாம். மூன்று நான்கு வண்டிகள் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்குப் பெரும்பாலும் தேவை இல்லை. அந்தப் பணத்தை வண்டிக் கணக்கு என்று தனியாகப் போட்டு வைத்தால், ஏதாவது ஒரு வண்டி கெடும்போது உதவும். கெடாவிட்டால் பணம் நம்மிடமே இருக்கும். எலெக்ட்ரிக் வண்டிக்கு மட்டும் கணக்கு வேறு. அதில் பேட்டரியே வண்டி விலையில் பெரும் பங்கு என்பதால், பேட்டரிக்கான நீட்டிப்பைத் தனியாக யோசிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

1. வாரண்டி தருவது தயாரிப்பாளரா, டீலரா, மூன்றாவது கம்பெனியா? வண்டியின் சேசிஸ் எண் குறித்த சான்றிதழ் வாங்குங்கள்.

2. சேராத பாகங்களின் பட்டியலை முதலில் படியுங்கள். இன்ஜெக்டர், சென்சார், இ.சி.யு. இல்லாவிட்டால் வாங்குவதில் பொருள் இல்லை.

3. வணிக உபயோகம் சேராது என்ற வரி இருக்கிறதா? சரக்கு கொண்டுபோகும் வண்டி அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

4. அன்றைக்கே வாங்க வேண்டுமா? பல கம்பெனிகள் பின்னர் வாங்கவும் அனுமதிக்கின்றன. எத்தனை நாளுக்குள், என்ன விலைக்கு என்று கேட்டு, வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

5. இதை வாங்கினால்தான் வண்டி தருவோம் என்று சொன்னால் ஏற்க வேண்டாம். ஒன்றை வாங்க இன்னொன்றைக் கட்டாயமாக்குவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கட்டுப்படுத்தும் வணிக நடவடிக்கை என்கிறது.

வழக்கு என்று வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய உதவி எண் 1915. ஆனால் வணிகர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பிழைப்புக்காகத் தானே ஆட்டோ ஓட்டுபவர் நுகர்வோர், பெரிய அளவில் லாபத்துக்காக வாங்குபவர் அப்படியல்ல, ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கடைப் பெயரில் நான்கு வண்டி வாங்கி ஆட்களிடம் கொடுப்பவருக்கு ஆணையத்தின் கதவு திறக்காமல் போகலாம். ஆகவே நமக்குத் தாளில் உள்ளதுதான் பாதுகாப்பு.

இந்த ஆண்டு மழைக்கு முன் உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியின் வாரண்டித் தாளையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என்ஜின் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்று கடைப் பையன்களுக்கு இன்றே சொல்லி வையுங்கள். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. நான் அன்று இதைச் சொல்லியிருந்தால் என் என்ஜின் தப்பியிருக்கும்.