மாவு விற்ற பாட்டு

சரக்கு நன்றாக இருந்தால் போதும், விளம்பரம் எதற்கு என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹெலினா என்ற ஊரின் மளிகை மொத்த வியாபார நிறுவனம் ஒன்று செய்ததை இங்கே சொல்கிறோம்.

1941-இல் அங்கே கே.எஃப்.எஃப்.ஏ. என்ற உள்ளூர் வானொலி தொடங்கியது. சன்னி பாய் வில்லியம்சன், ராபர்ட் லாக்வுட் என்ற கறுப்பினக் கலைஞர்கள் இருவர் பாட நேரம் கேட்டனர். செலவை ஏற்க ஒரு வியாபாரி வேண்டும் என்றது நிலையம். இன்டர்ஸ்டேட் குரோசரி கம்பெனி முன்வந்தது. அதன் கோதுமை மாவின் பெயர் 'கிங் பிஸ்கட்'. நிகழ்ச்சியும் 'கிங் பிஸ்கட் டைம்' ஆயிற்று. முதல் ஒலிபரப்பு 1941 நவம்பர் 21.

நேரத்தைக் கவனியுங்கள்: பகல் 12.15. பருத்திக் காட்டு வேலையாட்கள் சாப்பிட உட்காரும் வேளை. பாட்டு, நடுவே மாவு விளம்பரம், எல்லாம் நேரடியாக. வீட்டுக்கு மாவு வாங்குகிறவர்கள் அவர்கள்தானே!

நிறவெறி கோலோச்சிய அக்காலத்தில், அந்த நிறுவனம் 'சன்னி பாய்' என்ற பெயரிலேயே மக்காச்சோள மாவை இறக்கிப் பாடகரின் படத்தைப் பையில் அச்சிட்டது. பாடகர்களுக்கும் ஆதாயம், இரவுக் கச்சேரி எந்த ஊரில் என்று வானொலியிலேயே சொல்லிக்கொண்டனர். 1951 முதல் நிகழ்ச்சியை நடத்திய சன்னி பெய்ன் 2018-இல் மறைந்தார்.

பெரிய கம்பெனிகளின் விளம்பரச் செலவோடு நம்மால் போட்டியிட முடியாது. ஆனால் நம் வாடிக்கையாளர் எப்போது ஓய்வாக இருப்பார், எதை விரும்பிக் கேட்பார் என்பது கல்லாவில் உட்காரும் நமக்கே தெரியும். உள்ளூர்க் கலைஞர் நன்கொடை கேட்டு வரும்போது முகம் சுளிக்காமல், அதை நம் கடைக் கணக்கில் முதலாகவும் பார்ப்போம்.