குருத்தெலும்பு சிகிச்சை: செல் எப்படி வளர்கிறது என்பதே கேள்வி

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு முழங்கால் வலியோடு வருபவர்கள் முதியவர்கள் மட்டுமல்ல. பைக்கிலிருந்து விழுந்தவர்களும், கால்பந்தில் அடிபட்டவர்களும் வருகிறார்கள். எலும்பு முறிந்தால் கூடிவிடும். அதன் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு பெயர்ந்தால் அப்படிக் கூடுவதில்லை. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. சிதைந்த குருத்தெலும்பு ஆறுவதில்லை என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே பதிவு செய்திருக்கிறார்.

அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாரம் தாங்காத பகுதியிலிருந்து துளி குருத்தெலும்பை எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் சில வாரங்கள் பெருக்கி, பள்ளத்தில் வைப்பார்கள். ஸ்வீடனில் 23 பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 1994-ல் வெளியாயின. இந்தியாவில் 2017-ல் அனுமதி கிடைத்தது.

சிக்கலே அந்தப் பெருக்கும் வேலையில்தான். மூட்டுக்குள் இந்தச் செல் உருண்டையாக, தான் சுரந்த கொலாஜன் என்ற புரதத்துக்குள் புதைந்து கிடக்கும். பிளாஸ்டிக் தட்டில் பரப்பினால் மளமளவென்று பெருகும். ஆனால் கொஞ்ச நாளில் தட்டையாகி, நீண்டு, வடிவமே மாறிவிடும். மூட்டுக்கு வேண்டிய இரண்டாம் வகைக் கொலாஜனைக் குறைத்துக்கொண்டு, தழும்பில் இருக்கும் முதல் வகையைச் சுரக்கத் தொடங்கும். அப்படிக் கோடிக்கணக்கில் செல் கிடைத்து என்ன பயன்? 1982-ல் பென்யா, ஷாஃபர் என்ற ஆய்வாளர்கள் இவ்வாறு மாறிய செல்களை அகரோஸ் கூழுக்குள் வைத்தார்கள். பழைய குணம் திரும்பியது. கூழில் வளர்க்கும் இன்றைய முயற்சிகளுக்கு அது பெரிய நம்பிக்கை தந்தது.

ஆக்சிஜனும் முக்கியம். குருத்தெலும்புக்குள் அது சில விழுக்காடுதான் இருக்கும். செல் வளர்க்கும் சாதாரண இன்குபேட்டரில் 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக்சிஜனைக் குறைத்து வளர்த்தால் செல்லின் இயல்பு கூடுதலாக நிலைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

சென்னையின் நிச்சி-இன் ஆய்வு மையம், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, குளிரில் திரவமாகவும் சூட்டில் கூழாகவும் மாறும் பாலிமரில் செல்களை வளர்த்தது. குளிரவைத்தாலே கூழ் இளகி செல்கள் வெளிவரும். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி முன்னே போய், குருத்தெலும்பிலேயே உள்ள, புதிய குருத்தெலும்புச் செல்களாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களைத் தேடுகிறார்கள். ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் பூசிய தட்டில் 20 நிமிடத்துக்குள் ஒட்டிக்கொள்பவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் முறை அது. கெட்ட செல்லைத் திருத்துவதைவிட நல்லதைப் பொறுக்கி வளர்ப்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு இந்தப் பள்ளம் நிரப்பும் சிகிச்சை பொருந்தாது. யாராவது ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று லட்சங்களில் பேசினால், செல்லை எந்த ஆய்வகத்தில், எப்படி வளர்த்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.