விரிசல் எங்கே தொடங்கியது?

பழைய அம்பாசடருக்கு முன்கண்ணாடி மாற்றி இரண்டு நாள் ஆகியிருக்கும். காலையில் வண்டியை எடுக்கப் போனால் கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு கோடு வளைந்து மேலே ஏறியிருக்கிறது. பட்டறைக்காரரிடம் கேட்டால் "கல்லு அடிச்சிருக்கும் சார்" என்பார். ஓசூர் பக்கத்து நம் பாகலூர் சாலையில் ஜல்லி லாரிகள் போகிற வேகத்துக்கு அந்தப் பதில் நம்பும்படியாகவும் இருக்கும்.

நம்புவதற்கு முன் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கல் பட்டிருந்தால் பட்ட இடத்தில் சின்னக் குழி இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். குழியே இல்லாமல் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு அடியிலிருந்து கோடு கிளம்பியிருந்தால் பொருத்திய விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். இடம் தெரியும்படி உடனே படம் எடுங்கள். பின்னால் எழும் வாதமெல்லாம் அந்தப் படத்தைச் சுற்றித்தான்.

இன்றைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் அதைப் பிடித்து நிற்பது ரப்பர்தான். முதலில் பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுவார்கள். வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். நல்ல கை இருந்தால் பார்க்கவே அழகான வேலை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலோ ஓரத்தில் தட்டினாலோ கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சில்லு விழும்.

பெரிய வில்லன் தகர விளிம்புதான். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தால் விளிம்பு மேடு பள்ளமாகி, கண்ணாடி ஒரே இடத்தில் அழுத்தம் வாங்கும். வெயில் ஏறிய ஒரு மத்தியானம் போதும், விரிசல் விட. ஒழுகினால் சேதம் இன்னும் மெதுவாகத் தெரியும்: கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, அடுத்த வருஷம் தரைத் தகடு ஓட்டையாகும். வண்டியை எடுக்கும் முன் பட்டறையிலேயே ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

கண்ணாடி என்ன ரகம் என்பதையும் கேளுங்கள். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிச் சில்லுகளாகும். லேமினேட்டட் கண்ணாடி நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலத்தால் விரிசலோடு நிற்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 100 கார்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்குகிறது. அந்த விதிகள் வந்து மூன்றாண்டுக்குப் பிறகு தயாரான கார்களின் முன்கண்ணாடி லேமினேட்டடாக இருக்க வேண்டும். அதற்கு முந்திய வண்டிக்கும் லேமினேட்டட் போடுவதே என் யோசனை. தடிமன் மாறினால் பீடிங்கின் பள்ளமும் அதற்கு ஏற்றதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி காகிதம். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. கண்ணாடியின் ரகம், பீடிங் புதிதா பழையதா, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "பழைய வண்டி, உடைந்தால் பொறுப்பில்லை" என்று பில்லில் கிறுக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. கண்ணாடி கழற்றிய வண்டியை மழையில் நிறுத்தி சீட் நாசமானால் இந்தப் பிரிவைக் காட்டலாம். அதே சட்டம், நியாயமான கூலி பாக்கி இருக்கும்வரை வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்காரருக்கும் உரிமை தருகிறது. எனவே தகராறு வந்தால் எதிர்ப்பு தெரிவித்துப் பணத்தைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பது நல்லது.

நம் ஊர்க்காரர்கள் பலர் தயங்குவது வேறொரு இடத்தில். சர்ஜாபுரத்திலோ மாலூரிலோ கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தால், கர்நாடகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று விட்டுவிடுகிறார்கள். அவசியமே இல்லை. 2019 சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பாகலூர்க்காரருக்கு அது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் பட்டறைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொன்னால் பேசித் தீர்ந்துவிடுவதும் உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுப் பெரிய தொழிலாக நடத்தும் வண்டியென்றால், வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது.

நிஜமாகவே கல்தான் அடித்தது என்றால் காப்பீடு. மூன்றாம் நபர் பாலிசி உதவாது, முழுப் பாலிசி வேண்டும். வழக்கமான பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பருக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். சின்னத் தொகைக்குக் கேட்டு நோ கிளெய்ம் போனஸை இழப்பதா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

கழற்றிய பீடிங்கையும் உடைந்த கண்ணாடியையும் வழக்கு முடியும்வரை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். புகாரில் முகவரியை ஓசூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம் என்று முழுதாக எழுதுங்கள். பெங்களூருக்கு வடக்கே, விமான நிலையத்துப் பக்கம் இன்னொரு பாகலூர் இருக்கிறது.